மழையங்கிக்குப் பெயர் தந்தவர்

ஊர்களுக்கும் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் மனிதர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஆனால், ஒரு மனிதரின் பெயரே ஓர் ஆடையின் பெயராக மாறிவிடுவது மிக அரிது. ஆங்கிலேயர் மழையங்கியை நெடுங்காலமாக மெக்கிண்டாஷ் என்று அழைத்து வருகின்றனர். அதைச் சுருக்கி மேக் என்றும் கூறுவர். அப்பெயருக்கு உரியவர் சார்லஸ் மெக்கிண்டாஷ். இவர் தையற்காரர் அல்லர். துணி வணிகரும் அல்லர். வேதியியலைத் தொழிலாகக் கொண்டவர். மழைநீர் புகாத துணியை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். ஆயினும், அத்துணியில் இருந்த குறைகள் நீங்கியதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய வாழ்க்கையைப் படித்தால், நல்ல மழையங்கி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நாம் அறிந்துகொள்ளலாம்.

இளமைப் பருவம்

சார்லஸ் மெக்கிண்டாஷ் 1766-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜார்ஜ் மெக்கிண்டாஷ் ஒரு சாயத் தொழிற்சாலையை நடத்தி வந்தார். பாறைகளில் வளரும் ஒருவகைக் கற்பாசியிலிருந்து செந்நீலச் சாயம் எடுப்பதே அங்கு நடைபெற்ற தொழில். அச்சாயத்தைத் தயாரிக்க அமோனியா தேவைப்பட்டது. அக்காலத்தில் அமோனியாவை எளிதில் பெற முடியாது. ஆகவே, நகரத்து வீடுகளிலிருந்து சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து அமோனியாவைப் பெற்றனர். எவரும் விரும்பாத கழிவு, செல்வர்கள் விரும்பி அணியும் ஆடைக்கு வண்ணம் தந்தது. இதைப் பார்த்தே சிறுவன் சார்லஸ் வளர்ந்தான். வீணென்று ஒதுக்கப்படும் பொருளிலும் பயன் இருக்கும் என்னும் எண்ணம் அவன் மனத்தில் பசுமரத்தாணி போல் பதிந்தது.

பள்ளிக் கல்வி முடிந்ததும் சார்லஸ் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நாள் முழுவதும் கணக்கேடுகளை எழுதும் வேலை அது. அவ்வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் வேதியியல் நூல்களைப் படித்தார். சோதனைகளைச் செய்து பார்த்தார். எடின்பரோவில் பேராசிரியர் ஜோசப் பிளாக் நடத்திய வேதியியல் விரிவுரைகளையும் கேட்டார். இருபது வயது நிறைவதற்கு முன்பே எழுத்தர் வேலையைத் துறந்து, நவச்சாரம் முதலிய இரசாயனப் பொருள்களைத் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். நிலையான வருமானத்தை விட்டுவிட்டுப் புதிய துறையில் கால் வைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். அத்துணிவு அவருக்கு இளமையிலேயே இருந்தது.

கழிவில் கண்ட செல்வம்

1797-ஆம் ஆண்டில் மெக்கிண்டாஷ் ஸ்காட்லாந்தின் முதல் படிகாரத் தொழிற்சாலையை ஹர்லெட் என்னும் ஊரில் தொடங்கினார். நம் வீடுகளில் கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பயன்படுத்திய அதே படிகாரந்தான், துணியில் சாயம் நன்கு பற்றிக்கொள்வதற்கும் உதவுகிறது. பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் பயனற்றுக் கிடந்த களிப்பாறையிலிருந்தே அவர் படிகாரத்தைப் பிரித்தெடுத்தார்.

பின்னர், சார்லஸ் டெனன்ட் என்பவரோடு இணைந்து வெளுப்புத்தூள் தயாரிக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அதற்கு முன்பெல்லாம் நெய்த துணியை வெண்மையாக்க அதைப் புல்வெளியில் விரித்துப் பல வாரங்கள் வெயிலில் காயவைப்பர். வெளுப்புத்தூள் வந்த பிறகு அவ்வேலை விரைவில் முடிந்தது. இதற்கான காப்புரிமை 1799-ஆம் ஆண்டில் டெனன்டின் பெயரில் வழங்கப்பட்டது. ஆதலால், இதில் மெக்கிண்டாஷின் பங்கு இலைமறை காய் போல மறைந்தே இருந்தது.

அக்காலத்தில் கிளாஸ்கோ நகர வீதிகளில் எரிவாயு விளக்குகள் ஒளிரத் தொடங்கின. நிலக்கரியைச் சூடாக்கி அந்த எரிவாயுவைப் பெற்றனர். அவ்வாறு செய்யும்போது இரு கழிவுகள் மிஞ்சின. ஒன்று, அமோனியா கலந்த நீர். மற்றொன்று, கறுத்துப் பிசுபிசுக்கும் கரித்தார். எரிவாயு நிலையத்தார் அவற்றை என்ன செய்வதென்று அறியாமல் விழித்தனர். மெக்கிண்டாஷுக்கோ சாயத் தொழிலுக்கு அமோனியா தேவைப்பட்டது. எனவே, 1819-ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் கழிவுகளை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டார். அமோனியாவை நாடிச் சென்றவருக்குத் தாரும் சேர்ந்தே வந்தது. அத்தாரைக் காய்ச்சி வடித்தபோது நாப்தா என்னும் எண்ணெய் கிடைத்தது. எளிதில் ஆவியாகக்கூடிய, கடுநெடி வீசும் எண்ணெய் அது. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் சிந்தனை அவரை ஆட்கொண்டது. அச்சிந்தனையே அவரை ரப்பரிடம் அழைத்துச் சென்றது.

ரப்பரும் நாப்தாவும்

தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் வாழ்ந்த பழங்குடி மக்கள், ரப்பர் மரத்தின் பாலைத் துணியில் பூசி நீர் புகாமல் செய்யும் முறையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மரத்திலிருந்து வடியும் புதுப்பால் அவர்களின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஐரோப்பியரின் நிலை வேறு. நீண்ட கடற்பயணத்தில் அப்பால் உறைந்து கட்டியாகிவிடும். பென்சில் எழுத்தை அழிப்பதற்கு அக்கட்டி பயன்பட்டது. துணியில் பூச வேண்டுமானால் அதை மீண்டும் குழம்பாக்க வேண்டும். டர்பென்டைன், ஈதர் போன்றவற்றில் அதைக் கரைத்துப் பார்த்தனர். அவ்வழிகளில் செலவு மிகுந்தது. பூசிய பின்னும் பிசுபிசுப்பு நீங்கவில்லை.

நாப்தா ரப்பரைக் கரைக்கும் என்பதை மெக்கிண்டாஷ் தம் சோதனையில் கண்டார். இவருக்கு முன்பே, எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஜேம்ஸ் சைம் என்னும் இளைஞர், கரித்தாரிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ரப்பரைக் கரைக்கும் என்பதைக் கண்டறிந்து, 1818-ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் இதழில் எழுதியிருந்தார். ஆனால், அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பின்னாளில் அவர் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார். ஒருவர் கண்டறிந்த உண்மை, மற்றொருவரின் கையில் பயனுள்ள பொருளாக உருப்பெற்றது.

நாப்தாவில் கரைந்த ரப்பரைத் துணியில் பூசினால் துணி நீரைத் தடுத்தது உண்மைதான். ஆனால், பூசிய பக்கம் கையிலும் உடையிலும் ஒட்டியது. இச்சிக்கலுக்கு மெக்கிண்டாஷ் ஓர் எளிய தீர்வைக் கண்டார். ஒரு துணியின்மேல் ரப்பர்க் குழம்பைப் பூசி, அதன்மேல் மற்றொரு துணியை வைத்து, இரண்டையும் உருளைகளுக்கு இடையே செலுத்தி அழுத்தினார். இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காயா தடவியது போல, ரப்பர் இரு துணிகளுக்கு நடுவே அடங்கியது. வெளியே தொட்டால் துணி. உள்ளே நீரைத் தடுக்கும் ரப்பர். 1823-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டில், பருத்தி ஆலை நடத்தி வந்த பர்லி சகோதரர்களுடன் சேர்ந்து மான்செஸ்டர் நகரில் தொழிற்சாலையை நிறுவினார்.

மலைநாட்டு வேட்டைக்காரரின் தேவை

இத்துணி யாருக்குத் தேவைப்பட்டது? அக்காலத்தில் மழையில் நனைந்தே வேலை செய்ய வேண்டியவர்கள் பலர். திறந்த குதிரை வண்டியில் பயணம் செய்வோர், மாலுமிகள், மேய்ப்பர்கள், வேட்டைக்காரர்கள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இவர்களுள் வேட்டைக்காரரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் செம்மான்கள் மிகுதி. அங்கு ஒரே நாளில் வெயிலும் காற்றும் மழையும் மாறி மாறி வரும். மானைத் தேடிச் செல்பவர் முதலில் செங்குத்தான சரிவில் ஏற வேண்டும்; அப்போது உடல் வியர்க்கும். பிறகு ஈரப் புல்லின்மேல் படுத்து, ஓசையின்றி நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அப்போது உடல் குளிரும். நனைந்த கம்பளி ஆடை நீரை உறிஞ்சிக் கனக்கும். ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் உடலின் வெப்பம் விரைவாகக் குறையும். உடல் நடுங்கினால் துப்பாக்கியைப் பிடித்த கையும் நடுங்கும், குறி தவறும். உடல் வெப்பம் மேலும் குறைந்தால் அறிவு மயங்கும். உயிருக்கே ஆபத்து நேரும். எனவே, மலையில் இருப்பவருக்கு மழையங்கி என்பது உயிர்க் கவசம்.

மெக்கிண்டாஷின் துணி வருவதற்கு முன்பு, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்த துணியையே கடலோடிகள் பயன்படுத்தினர். அது விறைப்பாகவும் கனமாகவும் இருந்தது. ஆகவே, புதிய துணியை மக்கள் ஆவலோடு வரவேற்றனர். ஜான் பிராங்க்ளின் 1825-ஆம் ஆண்டில் வட கனடாவின் உறைபனிப் பகுதிக்கு மேற்கொண்ட ஆய்வுப் பயணத்திலும் இத்துணி இடம்பெற்றது. மரச்சட்டத்தின்மேல் மெக்கிண்டாஷின் துணியைப் போர்த்திச் செய்த சிறு படகு ஒன்றை அக்குழுவினர் கொண்டுசென்றனர். ஆறுகளைக் கடப்பதற்காகச் செய்யப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 85 பவுண்டு மட்டுமே.

வரவேற்பும் குறைகளும்

புகழ் வந்த வேகத்திலேயே குறைகூறல்களும் வந்தன. முதலில் மெக்கிண்டாஷின் நிறுவனம் துணியை மட்டுமே விற்றது. தையற்காரர்களே அதை அங்கியாகத் தைத்தனர். வழக்கமான துணியைத் தைப்பது போலவே இதையும் அவர்கள் தைத்தனர். ஊசி குத்திய ஒவ்வொரு துளையின் வழியாகவும் மழைநீர் உள்ளே கசிந்தது. துணியில் குறை இல்லை, தையலில்தான் குறை. ஆனால், நனைந்தவர் துணியைத்தான் பழித்தார். இதனால், நிறுவனமே அங்கிகளைத் தைத்து விற்கும் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது குறை, ரப்பரின் இயல்பால் வந்தது. குளிர்காலத்தில் அங்கி பலகை போல் விறைத்தது. கோடையில் உள்ளிருக்கும் ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது. கம்பளித் துணியைப் பயன்படுத்தியபோது, கம்பளியில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை ரப்பரைச் சிதைத்தது.

மூன்றாவது குறை நாற்றம். நாப்தாவின் நெடியும் ரப்பரின் நெடியும் கலந்து வீசின. வண்டியில் பக்கத்தில் அமர்ந்தவர்கள் முகம் சுளித்தனர். வேட்டைக்காரருக்கோ இக்குறை இன்னும் பெரியது. மானின் மோப்ப ஆற்றல் மிகக் கூர்மையானது. காற்று அதன் பக்கம் வீசினால், மனிதனைக் காண்பதற்கு முன்பே அதன் மூக்கு எச்சரித்துவிடும்.

நான்காவது குறை வியர்வை. வெளியிலிருந்து நீர் உள்ளே வராத துணி, உள்ளிருக்கும் நீராவியையும் வெளியே விடவில்லை. மலையேறிய பின் அங்கியைக் கழற்றினால், மழையில் நனையாதவர் வியர்வையில் நனைந்திருப்பார்.

மெக்கிண்டாஷ் இக்குறைகளைக் கண்டு மனம் தளரவில்லை. லண்டனில் தாமஸ் ஹன்காக் என்பவர் ரப்பர்த் தொழிலை நடத்தி வந்தார். ரப்பர்த் துண்டுகளைக் கிழித்துப் பிசைந்து ஒரே கட்டியாக்கும் பொறியை அவர் 1820-ஆம் ஆண்டில் உருவாக்கியிருந்தார். பிறர் அதன் செயல்பாட்டை அறிந்துவிடாதிருக்க, ஊறுகாய் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அப்பொறிக்கு வைத்திருந்தார். பிசைந்த ரப்பர் நாப்தாவில் எளிதில் கரைந்தது. இதனால் நாப்தா குறைவாகத் தேவைப்பட்டது, நெடியும் குறைந்தது. ஹன்காக் போட்டியாளராகவே இருந்திருக்கலாம். ஆனால், மெக்கிண்டாஷ் அவருடன் உடன்பாடு செய்துகொண்டார். 1831-ஆம் ஆண்டு முதல் ஹன்காக் அந்நிறுவனத்தின் பங்காளியானார்.

புகழ்பெற்ற பொருளைப் பிறர் போலியாகச் செய்வது அக்காலத்திலும் நடந்தது. தம் காப்புரிமையை மீறியவர்கள்மீது மெக்கிண்டாஷின் நிறுவனம் 1836-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே அமைந்தது.

இதற்கிடையே அவருடைய அறிவு பிற துறைகளிலும் பணியாற்றியது. நிலக்கரி வாயுவைக் கொண்டு இரும்பை எஃகாக்கும் முறைக்கு 1825-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இரும்பு உலையில் குளிர்ந்த காற்றுக்குப் பதிலாகச் சூடான காற்றைச் செலுத்தும் முறையை ஜேம்ஸ் நீல்சன் 1828-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தபோது, அதை நடைமுறைப்படுத்தத் துணை நின்றவர்களுள் மெக்கிண்டாஷும் ஒருவர்.

இறுதி நாள்கள்

காலம் மாறியது. இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் பெருகின. திறந்த வண்டியின்மேல் அமர்ந்து மழையில் நனைந்து பயணம் செய்தவர்கள், கூரையுள்ள இரயில் பெட்டிகளில் செல்லத் தொடங்கினர். மழையங்கியின் தேவை குறைந்தது. ரப்பர் குளிரில் விறைப்பதும் வெயிலில் இளகுவதும் மட்டும் தீராத தலைவலியாக நீடித்தன.

1843-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், தமது 76-ஆம் வயதில், சார்லஸ் மெக்கிண்டாஷ் கிளாஸ்கோவை அடுத்த டன்சாட்டனில் காலமானார்.

அவர் மறைந்து நான்கு மாதங்களுக்குள் அச்சிக்கலுக்குத் தீர்வு பிறந்தது. ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது குளிரில் விறைக்காது, வெயிலில் இளகாது. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டறிந்திருந்தார். அத்தகைய ரப்பர்த் துண்டுகள் ஹன்காக்கின் பார்வைக்கு வந்தன. அவரும் பல சோதனைகளைச் செய்து, 1843-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குட்இயர் தம் நாட்டில் 1844-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகள் மெக்கிண்டாஷ் எதற்காகப் போராடினாரோ, அதன் விடையை அவர் காணவில்லை. ஆனால், அவர் தொடங்கிய நிறுவனமும் அவர் தேர்ந்த பங்காளியும் அவ்விடையை மக்களிடம் கொண்டுசேர்த்தனர்.

வியர்வைக்குப் பிறந்த விடை

விறைப்பும் பிசுபிசுப்பும் நீங்கின. வியர்வைச் சிக்கல் அப்படியே இருந்தது. அதற்கு விடை தேடியவர் தாமஸ் பர்பரி. இவர் 1856-ஆம் ஆண்டில், தமது 21-ஆம் வயதில், இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் துணிக்கடை திறந்தார். உழவர்களும் வேட்டைக்காரர்களும் தூண்டிலிடுவோரும் வாழ்ந்த நாட்டுப்புறப் பகுதி அது. மழையைத் தடுக்கும் ஆடை, உடலைப் புழுங்கவும் வைக்கக்கூடாது என்பதே அவர்களின் தேவை. 1879-ஆம் ஆண்டில் பர்பரி கபர்டின் என்னும் துணியை உருவாக்கினார். நூலை முதலில் நீர் ஒட்டாதவாறு பதப்படுத்தி, பின்னர் அதை மிக நெருக்கமாக நெய்தார். மழைத்துளி வழிந்தோடியது, இழைகளின் இடையே காற்று சென்று வந்தது. 1911-ஆம் ஆண்டில் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த அமுன்சென் குழுவினரும் இத்துணியாலான ஆடைகளைக் கொண்டுசென்றனர்.

மேலும் ஒரு படி முன்னேற்றம் 1969-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அமெரிக்கரான ராபர்ட் கோர், ஒருவகைச் செயற்கைப் பொருளைச் சட்டென இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த மென்படலமாக்கினார். அத்துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. இரு துணிகளுக்கு இடையே ஒரு படலம் என்னும் மெக்கிண்டாஷின் அமைப்பை இன்றைய மழையங்கிகள் பலவற்றிலும் காணலாம்.

நல்ல மழையங்கியைத் தேர்ந்தெடுத்தல்

மெக்கிண்டாஷின் அங்கியில் மக்கள் கண்ட ஒவ்வொரு குறையும், இன்று மழையங்கி வாங்குபவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. வேட்டைக்கும் மலையேற்றத்துக்கும் மீன்பிடிப்புக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

முதலில் தையலைப் பார்க்க வேண்டும். அங்கியை உட்புறம் திருப்பினால், தையல் கோடுகளின்மேல் நீர்த்தடுப்பு நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தோள்பட்டையிலும் தலைமூடியிலும் உள்ள தையல்களே மழையை மிகுதியாகத் தாங்குபவை. பல்லிணைப்பான் இருக்கும் இடத்தை ஒரு துணிமடிப்பு மூடியிருப்பது நல்லது.

அடுத்து, விவரச் சீட்டில் உள்ள எண்களைக் கவனிக்க வேண்டும். மில்லிமீட்டரில் தரப்படும் எண், துணி எவ்வளவு உயரமான நீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதைக் காட்டும். கிராமில் தரப்படும் எண், ஒரு சதுர மீட்டர் துணியின் வழியாக 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவி வெளியேறும் என்பதைக் காட்டும். முதல் எண் மட்டும் பெரிதாக இருந்தால், வெளிமழைக்குத் தப்பியவர் வியர்வை மழையில் நனைய நேரிடும். அக்குளின் கீழே காற்றுத் திறப்பு இருக்கும் அங்கி, மேட்டில் ஏறுவோருக்கு உதவும்.

மூன்றாவதாக, ஓசையைச் சோதிக்க வேண்டும். அங்கியை அணிந்து கைகளை வீசி நடந்து பார்க்க வேண்டும். சரசரவென ஒலிக்கும் துணி, மழையைத் தடுத்தாலும் மானை விரட்டிவிடும். ஆகவே, வேட்டைக்குச் செல்பவர்கள் மென்மையான மேற்பரப்புடைய துணியையே நாடுகின்றனர். காட்டுயிர்களை அமைதியாகக் கண்டு மகிழ விரும்புவோருக்கும் இது பொருந்தும்.

நான்காவதாக, அளவும் நிறமும் முக்கியம். உள்ளே ஒரு கதகதப்பான ஆடையை அணிந்த பின்பும் கைகளைத் தாராளமாக உயர்த்த முடிய வேண்டும். தலைமூடி, தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பக்கவாட்டுப் பார்வையை மறைக்கக்கூடாது. வட அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் ஒளிரும் செம்மஞ்சள் நிற மேலாடை அணிய வேண்டும் என்று சட்டமே உள்ளது. மற்றொரு வேட்டைக்காரரின் குண்டுக்குத் தவறுதலாக இரையாகாமல் இருக்கவே இவ்விதி. மனிதரின் கண்ணுக்குப் பளிச்சிடும் அந்நிறத்தை மானின் கண் அவ்வாறு வேறுபடுத்தி அறிவதில்லை.

இறுதியாக, பராமரிப்பை மறக்கக்கூடாது. ஈர அங்கியை மடித்துப் பைக்குள் திணித்தால் பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் வீசும். நிழலில் விரித்துக் காயவைப்பதே நல்லது. விலை மிகுந்த அங்கியும் கவனிப்பாரற்றால் சில மழைக்காலங்களில் வீணாகும். எளிய அங்கியும் முறையாகப் பேணினால் நெடுநாள் உழைக்கும்.

நம் மண்ணோடு ஓர் உறவு

மெக்கிண்டாஷின் வாழ்நாளில் ரப்பர் அமேசான் காடுகளிலிருந்தும் பிற வெப்பமண்டலக் காடுகளிலிருந்துமே ஐரோப்பாவுக்கு வந்தது. மழையங்கியில் தொடங்கிய தேவை, பின்னர் மிதிவண்டிச் சக்கரம், மோட்டார் வண்டிச் சக்கரம் எனப் பெருகியது. 1876-ஆம் ஆண்டில் ரப்பர் விதைகள் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகள் மறு ஆண்டில் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரிலும் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார்.

அதன் பிறகு மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் விடியற்காலையிலேயே எழுந்து, இருளிலும் பனியிலும் பால்மரம் சீவினர். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும். அன்றைய வேலையும் கெடும். உலகின் வேறொரு மூலையில் ஒருவர் மழையில் நனையாதிருக்கப் பயன்பட்ட ரப்பருக்குப் பின்னால், மழையை அஞ்சிய தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது. நாம் அணியும் மழையங்கி எதனால் செய்யப்பட்டிருந்தாலும், அதன் வரலாற்றில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

சார்லஸ் மெக்கிண்டாஷ் முழுமையான மழையங்கியைத் தரவில்லை. அதற்கான தொடக்கத்தைத் தந்தார். பிறர் எறிந்த தாரில் பயனைத் தேடினார். குறை கூறியவர்களின் சொற்களைக் கேட்டுத் திருத்தினார். தம்மினும் திறமையுடையவரைப் பங்காளியாக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தோர் எஞ்சிய குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தனர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வதே அறிவியல் வளரும் வழியாகும்.